ரோடு போடுகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் வந்த வரலாறு

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால், பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பாக வருகிற ஊர் இருங்காட்டுக்கோட்டை. காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, ஹூண்டாய் கார் தொழிற்சாலை இருக்கிறது, 1990 முதல் கார் பந்தயத் தடமும் இருக்கிறது. இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன.

தொழிற்சாலை என்றால் எல்லோருக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு தொழிற்சாலைக்கு உள்ளே எவ்வளவு ரோடு இருக்கிறது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். லாரி நிற்குமிடம், சரக்கு இறக்குமிடம், கேண்டீனுக்குப் போகும் பாதை, தொழிலாளர் பஸ் திரும்புமிடம் என்று எல்லாமே தார் அல்லது கான்கிரீட் அல்லது பேவர் பிளாக். இவற்றைப் போடுவது தொழிற்சாலைக்காரர்கள் அல்ல. சிறிய, நடுத்தர ஒப்பந்தக்காரர்கள்.

அப்படி ஒரு ஒப்பந்தக்காரர் ரோலரையும் ஜல்லி லாரியையும் இருபது ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தால், கேட்டில் முதலில் கேட்கப்படுவது இன்சூரன்ஸ் நகல். ஆட்களுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று. இந்த மூன்று காகிதம் இல்லாவிட்டால் பல இடங்களில் கேட் பாஸ் கிடைக்காது.

இந்த மூன்று காகிதமும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு இருக்கிறது. ஆனால் மூன்றும் பதில் சொல்ல முயல்வது ஒரே கேள்விக்குத்தான்: வேலையில் ஏதாவது தவறு நடந்தால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

நஷ்டம் முழுக்கத் தொழிலாளி வீட்டுக்கே போன காலம்

ரோடு வேலை ஆபத்தில்லாத வேலை போலத் தெரியும். உயரமான சாரம் கிடையாது, ஆழமான சுரங்கம் கிடையாது. ஆனால் தார்க்கலவை 140, 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் பரப்பப்படுகிறது. பின்னால் வரும் டிப்பர் லாரியின் ஓட்டுநருக்கு, கீழே குனிந்து வேலை செய்கிறவர் தெரிவதில்லை. ரோலர் பல டன் எடை. ஒரு பக்கம் வேலை நடக்கும்போதே மறுபக்கம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி அடிபட்ட ஒரு தொழிலாளிக்குச் சட்டத்தில் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது!

இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் வழக்கு 1837-ல் இங்கிலாந்தில் நடந்தது. ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்த பையன், அதிகமாகப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் தொடை எலும்பு முறிந்து போனான். கீழ்மன்றத்தில் ஜூரி அவனுக்கு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. மேல்மன்றம் அதை ரத்து செய்தது. வேலையில் இருக்கும் ஆபத்தைத் தெரிந்துதானே வேலைக்கு வந்தாய், விருப்பமில்லை என்றால் மறுத்திருக்கலாமே என்பது போன்ற வாதம். சட்டப் புத்தகங்களில் பிரீஸ்ட்லி - ஃபௌலர் வழக்கு என்று இது பேசப்படுகிறது. இதிலிருந்து வளர்ந்த கொள்கைப்படி, கூட வேலை செய்கிறவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை. ரோடு வேலையில் அடிபடுவதே பெரும்பாலும் கூட இருக்கும் டிரைவராலோ ரோலர் ஓட்டுநராலோதான். அப்படியானால் வழக்குப் போட்டு என்ன பயன்?

இந்தியாவில் 1855-ல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் ஒன்று வந்தது. இறந்தவரின் குடும்பம் வழக்குப் போடலாம் என்று அது வழி திறந்தது. ஆனால் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டிய சுமை குடும்பத்தின் மேல்தான். கூலி வேலை செய்தவரின் மனைவி வக்கீல் வைத்து அதை நிரூபிப்பது எப்படி?

ஜெர்மனி காட்டிய வழி

இந்தக் கணக்கை முதலில் மாற்றியது ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1884-ல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. முதலாளிகள் தொழில்வாரியாகச் சேர்ந்து சங்கம் அமைத்துப் பணம் போட வேண்டும். விபத்து நடந்தால் அந்த நிதியிலிருந்து தொழிலாளிக்குப் பணம் போகும். தவறு யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

1897-ல் இங்கிலாந்து வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. அங்கே அரசு நிதியோ கட்டாயச் சங்கமோ இல்லை. முதலாளியே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னது, அவ்வளவுதான். அந்தப் பணத்தை முதலாளி எங்கிருந்து கொண்டு வருவார் என்பது அவர் பாடு. முதலாளிகள் நேராக இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் போனார்கள். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி என்ற வியாபாரம் பெரிதாக வளர்ந்தது இப்படித்தான்.

இந்தியா பின்பற்றியது இங்கிலாந்தின் வழியை.

1923: இந்தியாவின் முதல் காகிதம்

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியத் தொழிலாளர்கள் பேசத் தொடங்கியிருந்தார்கள். 1918-ல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது கருதப்படுகிறது. 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவானபோது இந்தியா அதில் உறுப்பினர்.

1921-ல் இந்திய அரசு இழப்பீட்டுச் சட்டம் பற்றிக் கருத்துக் கேட்டது. 1922 ஜூனில் ஒரு குழு கூடியது. அதில் சட்டமன்ற உறுப்பினர்கள், முதலாளிகள், தொழிலாளர் தரப்பினர், மருத்துவர்கள் ஆகியோருடன் இன்சூரன்ஸ் நிபுணர்களும் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது இந்தச் சட்டம் பிறக்கும்போதே, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 மார்ச்சில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். முதலாளி தவறு செய்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை. வயது வந்த தொழிலாளி இறந்தால் 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது.

தொகை சிறியதுதான். ஆனால் சட்டத்தில் இரண்டு நல்ல ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, இழப்பீடு வேண்டாம் என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கினால் அந்த எழுத்து செல்லாது. இரண்டு, இறந்தவரின் குடும்பத்துக்குரிய பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கையில் ஏதோ கொடுத்துக் கைரேகை வாங்கிக்கொண்டு வந்தால் அது இழப்பீடாகக் கணக்கில் வராது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் இழப்பீட்டைத்தான் கட்டாயமாக்கியது, இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கவில்லை. பணம் இருக்கிற முதலாளி பாலிசி எடுக்காமல் தன் பையிலிருந்தே கொடுக்கலாம். அப்படியானால் இருங்காட்டுக்கோட்டை கேட்டில் பாலிசி கேட்பது ஏன்? அதற்குப் பதில் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இருக்கிறது.

ஒப்பந்தக்காரரும் அவருக்கு மேலே இருப்பவரும்

ரோடு வேலை எப்போதுமே அடுக்கடுக்காக நடப்பது. பெரிய கம்பெனி வேலையை எடுக்கும். அது ஒரு ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும். அவர் உள்குத்தகைக்கு இன்னொருவரிடம் விடுவார். அவர் மேஸ்திரி மூலம் ஆள் பிடிப்பார். கடைசியில் அடிபடுகிறவருக்குத் தன் முதலாளி யார் என்றே தெரியாது.

1923 சட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது. ஒருவர் தன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருக்கும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அடிபட்டாலும் மேலே இருப்பவரே இழப்பீடு தர வேண்டும். பிறகு அந்தப் பணத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் வசூலித்துக்கொள்ளலாம். தொழிலாளி அடுக்கின் கீழே தேடி அலைய வேண்டியதில்லை, மேலே பார்த்துக் கேட்டால் போதும்.

ஒரு ரோடு கம்பெனி தன் வேலையை உள்குத்தகைக்கு விட்டால் இந்த விதி நேராகப் பொருந்தும். கார் செய்கிற தொழிற்சாலைக்குப் பொருந்துமா? கல் பதிப்பது கார் கம்பெனியின் வழக்கமான தொழிலா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்த வாதமே வேண்டாம் என்பதற்காகத்தான் தொழிற்சாலைகள் கேட்டிலேயே காகிதத்தைக் கேட்கின்றன. ஒப்பந்தக்காரரிடம் பணம் இல்லாவிட்டாலும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருக்கும் அல்லவா? சட்டம் கட்டாயம் என்று சொல்லாத பாலிசியை, மேலே இருப்பவரின் பயம் கட்டாயமாக்கியது!

இரண்டாவது காகிதம்: லண்டனில் ஒரு பாலம்

ஆட்களுக்கான பாலிசியின் கதை இது. வேலைக்கான பாலிசியின் கதை லண்டனில் தொடங்குகிறது.

ஒரு கட்டடம் முடிந்த பிறகு அதற்குத் தீக் காப்பீடு எடுப்பது பழைய பழக்கம். ஆனால் பாதி முடிந்த பாலத்துக்கு என்ன செய்வது? பாதி போட்ட ரோடு மழையில் கரைந்து போனால் யார் பொறுப்பு? 1929-ல் தேம்ஸ் நதியின் மேல் லாம்பெத் பாலம் கட்டும் வேலைக்கு எல்லா ஆபத்துகளையும் சேர்த்து ஒரே பாலிசி கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரருக்கான அனைத்து இடர் பாலிசிகளில் இதுவே முதலாவது என்று காப்பீட்டு வரலாற்றில் சொல்லப்படுகிறது. பாலம் 1932-ல் திறக்கப்பட்டது.

ஆங்கிலத்தில் கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ். சுருக்கமாக சி.ஏ.ஆர். பாலிசி. கார் ஊரான இருங்காட்டுக்கோட்டையில் இதைக் கார் பாலிசி என்று சொன்னால் குழப்பம்தான்!

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, நடந்துகொண்டிருக்கும் வேலைக்கும் குவித்து வைத்த பொருளுக்கும் வரும் சேதம். இரண்டாம் பகுதி, வேலையால் வெளியாருக்கு வரும் சேதம். குழி தோண்டும்போது பக்கத்துக் கம்பெனியின் கேபிள் அறுந்தால், தடுப்பு இல்லாத பள்ளத்தில் வழியே போகிறவர் விழுந்தால், அது இரண்டாம் பகுதியில் வரும். ஆனால் ஒப்பந்தக்காரரின் சொந்த ஆட்களுக்கு அடிபட்டால் இந்தப் பாலிசி தராது. அதற்குத் தொழிலாளர் பாலிசி தனியாக வேண்டும். ஒன்று இருக்கிறதே, மற்றது எதற்கு என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

அனைத்து இடர் என்று பெயர் இருந்தாலும் எல்லாமே அதில் அடங்காது. மட்டமான தார் போட்டு ரோடு பெயர்ந்தால், அதைச் சரிசெய்யும் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி தராது. வேலை தாமதமானதற்கான அபராதத்தையும் தராது. ஒப்பந்த மதிப்பு 1 கோடி என்றால் பாலிசியும் 1 கோடிக்கு எடுக்க வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 50 லட்சத்துக்கு எடுத்தால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கையில் வரும்.

ரோடு வேலைக்கென்றே ஒரு தனி நிபந்தனையும் இருக்கிறது. மண் வெட்டிய பகுதியும் முடியாத ரோடும் ஒரே சமயத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் திறந்து கிடக்கக் கூடாது என்று பல பாலிசிகளில் எழுதப்படுகிறது. இதன் காரணம் எளிது. கட்டடத்தில் மழை ஒரு தளத்தை நனைக்கும். ரோட்டில் மழை கிலோமீட்டர் கணக்கில் அடித்துக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த ஒரு வரி பெரிய விஷயம். இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் போனதைச் சென்னை மறக்காது. அந்த மழையில் இந்தப் பகுதித் தொழிற்சாலைகளிலும் உற்பத்தி நின்றது. முழு நீளத்துக்கும் மண் வெட்டிப் போட்டுவிட்டு அப்படி ஒரு மழையில் மாட்டுகிற ஒப்பந்தக்காரர், பாலிசி கையில் இருந்தும் வாதாட வேண்டியிருக்கும்.

இந்தப் பாலிசியை உலகம் முழுக்கப் பரப்பியவை ஒப்பந்தப் பத்திரங்கள். பொறியாளர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக், 1957-ல் தன் மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. சிவப்புப் புத்தகம் என்று பெயர் பெற்றது அதுதான். உலக வங்கிக் கடனில் நடந்த வேலைகள் மூலம் இதே போன்ற விதிகள் இந்திய டெண்டர்களிலும் வந்தன. வேலை, பொருள், கருவி, பிறர் சொத்து, உயிர்ச்சேதம் என்று எல்லாவற்றுக்கும் ஒப்பந்தக்காரரே பாலிசி எடுக்க வேண்டும். வேலை முடியும் வரை மட்டும் அல்ல, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் வரை. எடுக்காவிட்டால் வேலை கொடுத்தவரே எடுத்துவிட்டு, பிரீமியத்தைப் பில்லில் கழித்துக்கொள்வார்.

மூன்றாவது காகிதம்: ரோலர் என்பது வண்டியா, மெஷினா?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல் வந்தது. அதில் வெளியாருக்கான கட்டாயக் காப்பீடு 1946 ஜூலை 1 முதல் அமலானது. வண்டி என்றால் பதிவு வேண்டும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேண்டும். மெஷின் என்றால் வேண்டியதில்லை. ரோலர் மணிக்குச் சில கிலோமீட்டர் நகரும், ஆளை ஏற்றாது, சரக்கை ஏற்றாது. அது எப்படி வண்டியாகும் என்பது ஒப்பந்தக்காரர்களின் வாதம். கேரளத்திலிருந்து வரி தொடர்பாக வந்த ஒரு வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம், ரோடு ரோலர்களும் மண் அள்ளும் இயந்திரங்களும் மோட்டார் வாகனங்களே என்று தீர்ப்பளித்தது.

அதனால் பொது ரோட்டில் போகும் ரோலருக்கு மோட்டார் இன்சூரன்ஸ் வேண்டும். அது கவிழ்ந்து உடைந்தால் வரும் செலவுக்கு ஒப்பந்தக்காரர் இயந்திரப் பாலிசி என்று இன்னொன்று இருக்கிறது. தார் பரப்பும் பேவர், கலவை மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் இந்தப் பாலிசியில் ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு எழுதப்படும். பட்டியலில் இல்லாத மெஷின் உடைந்தால் பாலிசி இல்லாததற்குச் சமம்.

பாலிசி விற்றவர்கள்

இந்தியாவின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனம் 1850-ல் கல்கத்தாவில் தொடங்கிய ட்ரைட்டன். அதன் வாடிக்கையாளர்கள் ஆங்கிலேய வியாபாரிகள். இந்தியர்கள் தொடங்கிய இந்தியன் மெர்க்கன்டைல் 1907-ல் பம்பாயில் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா 1938-ல் பிறந்தது.

1972-ல் பொதுக் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 107 நிறுவனங்கள் நான்காகச் சுருங்கின. அந்த நான்கில் ஒன்று யுனைடெட் இந்தியா. பிறகு 1999-ல் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் நிறைவேறி, 2000 அக்டோபரில் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. முதலில் உரிமம் பெற்றவற்றில் சென்னையின் ராயல் சுந்தரமும் ஒன்று.

ஒப்பந்தக்காரர்களுக்கு இதைவிட முக்கியமான தேதி 2007 ஜனவரி 1. அதுவரை பொறியியல் பாலிசிகளின் பிரீமிய விகிதத்தைக் கட்டண ஆலோசனைக் குழு நிர்ணயித்தது. எங்கே போனாலும் ஒரே விலை. அன்று முதல் விலையை அந்தந்தக் கம்பெனியே வைக்கலாம் என்று ஆனது. பேரம் பேச வழி வந்தது. கூடவே குறைந்த பிரீமியம், குறைந்த பாதுகாப்பு என்ற ஆபத்தும் வந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் மூன்று காகிதங்களும் சந்தித்த காலம்

ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1996-ல் பதிவானது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னால் உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை திறந்தது. வெளிநாட்டுத் தலைமையகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனங்கள் வந்தபோது, காகிதம் கேட்கும் பழக்கமும் கூடவே வந்தது.

ரோடு வேலையும் மாறியது. தொழிற்சாலை வளாகங்களில் பேவர் பிளாக் பரவியது. அதற்கான இந்தியத் தர அளவு 2006-ல் வெளியானது. கல் பதிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை, ஆட்கள்தான் தேவை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று தொலைவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். விபத்து இருங்காட்டுக்கோட்டையில் நடந்தால், இழப்பீடு கேட்க வேண்டிய குடும்பம் இரண்டு நாள் ரயில் தொலைவில் இருக்கிறது.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் நகர்ந்தது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. ரோடு வேலையையும் சேர்த்துக்கொண்ட மத்தியக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 1996-ல் வந்தது. 2000-ல் இழப்பீட்டுச் சட்டத்தில் செய்த திருத்தம், தற்காலிக வேலையாள் என்று சொல்லி ஒதுக்கும் வழியை அடைத்தது. 2009-ல் செய்த திருத்தம் மருத்துவச் செலவை முழுக்க முதலாளியே தர வேண்டும் என்றது. 2015 ஆகஸ்ட் முதல் இ.எஸ்.ஐ. திட்டம் கட்டுமானத் தளத் தொழிலாளர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு அந்த வழியில்தான் இழப்பீடு, அதே விபத்துக்கு இழப்பீட்டுச் சட்டப்படியும் கேட்க முடியாது. கேட்டில் இ.எஸ்.ஐ. இருக்கிறதா, இல்லை டபிள்யூ.சி. பாலிசியா என்று கேட்பது இதனால்தான்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து, 1923 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கருதப்படும் என்று இந்தத் தொகுப்பு சொல்கிறது. டெம்போவில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிற ரோடு தொழிலாளிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

காகிதம் இருந்தும் பணம் வராதது எப்படி?

ஒரு கணக்கு. 30 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். 2020-ல் அறிவிக்கப்பட்ட சம்பள உச்சவரம்பும் 15,000-தான். அவர் வேலையில் இறந்தால், சம்பளத்தில் பாதியான 7,500-ஐ அந்த வயதுக்கான எண் 207.98-ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். ஒரு சிறிய ஒப்பந்தக்காரரின் பல வருட லாபம் அது. பாலிசி இல்லாவிட்டால் அவரால் கொடுக்க முடியாது. அவர் கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. இன்சூரன்ஸ் ஒப்பந்தக்காரரைக் காப்பாற்றுகிறது என்பது பாதி உண்மை. அவர் மூலமாகத்தான் தொழிலாளியின் குடும்பத்துக்குப் பணம் போகிறது என்பது மீதி.

ஆனால் தொழிலாளர் பாலிசியின் பிரீமியம், எத்தனை பேர், என்ன வேலை, மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 30 பேரை வேலைக்கு வைத்துவிட்டு 10 பேருக்குப் பாலிசி எடுத்தாலும் கேட்டில் காட்ட ஒரு காகிதம் கிடைத்துவிடும். பாதுகாவலர் அதைப் பார்த்து உள்ளே விடுவார். விபத்து நடந்த பிறகுதான் பதினோராவது ஆள் யார் என்ற கேள்வி வரும்.

உள்குத்தகை ஆட்கள் சாதாரணப் பாலிசியில் வர மாட்டார்கள், தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். மருத்துவச் செலவுக்கும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். இழப்பீட்டைத் தாமதித்தால் ஆணையர் 12 சதவீத வட்டியும், 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம் என்று பழைய சட்டத்திலேயே இருந்தது. அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்க வேண்டியதில்லை, முதலாளியே கட்ட வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பாலிசி இருக்கிறதே, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விபத்தைத் தெரிவிக்காமல் தள்ளிப்போடும் ஒப்பந்தக்காரர் தன் பையிலிருந்தே பணம் எடுக்க நேரிடும்.

1837-ல் அந்தப் பையனிடம், விருப்பமில்லை என்றால் மறுத்திருக்கலாமே என்று நீதிமன்றம் சொன்னது. அங்கிருந்து, யார் தவறு என்று கேட்காமலே பணம் தர வேண்டும் என்ற நிலைக்கு வர ஐரோப்பாவுக்கு அரை நூற்றாண்டு ஆனது, இந்தியாவுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. அவ்வளவு தூரம் வந்த ஒரு ஏற்பாடு, ஒரு விண்ணப்பத்தில் ஆட்கள் எண்ணிக்கைக் கட்டத்தில் தவறாக எழுதுவதால் பயனில்லாமல் போகிறது.

கேட்டில் நிற்கிறவர்கள் பாலிசியின் முதல் பக்கத்தையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எத்தனை பேர் என்ற வரியையும் படித்து, வெளியே டெம்போவில் இருக்கும் தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.